ரைஸ்மில் குடோனில் பாதியில் நின்ற பாட்டு

1

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. ஸ்டுட்கார்ட் வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சாமி படம் மாட்டலாம் என்று சுவரில் ஆணி அடித்தேன். ஆணி பாதி இறங்குவதற்குள் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக் கூடாது. திருவிழா என்றால் விடியும் முன்பே கூம்பு ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டி, பக்கத்து ஊரையும் சேர்த்து எழுப்பிவிடுகிற கொன்றைவயல்காரனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கீரமங்கலத்துக்கும் அறந்தாங்கிக்கும் இடையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கூட கொன்றைவயல் தெரியாது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். அதனால், போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் என் மகள் கயல் போனும் கையுமாக வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

"அப்பா, உங்க ஊர் பேர்ல ஒரு பாட்டு வந்திருக்கு."

'உங்க ஊர்' என்றுதான் சொன்னாள். பத்து வயது வரை 'நம்ம ஊர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டால் அவளுக்கும் தெரியாது. ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துவிட்டாள். தமிழில் போட்டிருந்தால் கடந்து போயிருப்பாள்.

வாங்கிப் பார்த்தேன். பாடகர் சிங்காரத்தின் பழைய படம். கீழே, 'கிராமத்துப் பாட்டுகள்: வெளிவராத பதிவுகள்'. அவருடைய மகள் வலையேற்றியிருந்தார். வரிசையாக ஊர்ப்பெயர்கள். நடுவில் 'கொன்றைவயல் 1', அதற்குக் கீழே 'கொன்றைவயல் 2, பாதி'.

அந்தப் பாதிப் பாட்டால்தான் எங்கள் ஊர் இரண்டாகப் போனது.

2

சிங்காரத்தை இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரி என்றால் அவர்தான். சில்க் சட்டை, கூலிங் கிளாஸ், சினிமாப் பாட்டு. அப்படி ஆடிக்கொண்டிருந்த மனிதர், நடு வயதில் ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அறந்தாங்கிக்கு வந்து கிராமத்துப் பாட்டுப் பாட ஆரம்பித்தார். நாலைந்து வருடம்தான். பிறகு பக்திப் பாட்டுக்குப் போய்விட்டார். அந்த நாலைந்து வருடத்தை அன்றைக்கு எல்லோரும் கேலி செய்தார்கள். "பாட்டுக்காரரு மாட்டுக்காரர் ஆயிட்டாரு" என்பார்கள். இன்றைக்கு அந்த கேசட்டுகளைத்தான் தேடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் அவர் ஒரு வழி வைத்திருந்தார். மெட்டு ஒன்று, பாட்டும் பெரும்பாலும் ஒன்று. நடுவில் இடம் விட்டிருப்பார். எந்த ஊர் கூப்பிடுகிறதோ, அந்த ஊர்ச் சாமி, கண்மாய், தெரு, பெரிய மனிதர் எல்லாம் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஸ்டுடியோவுக்கு நீங்கள் போக வேண்டாம். மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரே ஊருக்கு வருவார். பல ஊர்களில் பாடிவிட்டு, நன்றாக வந்ததைக் கேசட்டில் போடுவார். மீதி மூலையில் கிடக்கும்.

இப்போது வந்திருப்பது அந்த மீதி. இந்த மாதிரி வெளியீடுகள் மேல் எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. பந்தி முடிந்த பிறகு அண்டாவைச் சுரண்டுகிற வேலை என்று பத்திரிகையில் நான் எழுதிவரும் இதே பத்தியில் முன்பு சொல்லியிருக்கிறேன். பாடகன் வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்துப் பரிமாறுவது அவனுக்குச் செய்கிற மரியாதையா என்று கேட்டிருந்தேன். கேசட்டில் வந்த சிங்காரம் எக்கோ வைத்து, கீபோர்டு போட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பார். அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் வரிசையில் மேலே இருந்த வேறொரு ஊர்ப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டதும் முதலில் வந்தது ஒரு இருமல். பிறகு டீ கிளாஸ் வைக்கிற சத்தம். "சாமி பேரு என்னன்னு சொன்னீங்க? பிடாரியா, காளியா?" என்று கேட்கிற சிங்காரம். தெரியாத ஊருக்குள் காலை வைத்துக் கூச்சத்தோடு மெட்டைத் தேடுகிற ஒரு மனிதர். கேசட்டில் இருந்தவரைவிட இவரை எனக்குப் பிடித்துப்போனது. எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். வீடு அதிர்ந்தது.

உடனே கீழ்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று உண்மையான கவலையோடு கேட்டார். 'இது எங்கள் பெண்கள் சந்தோஷத்தில் எழுப்புகிற சத்தம்' என்று ஜெர்மனில் சொல்ல நினைத்து, 'நாங்கள் பெண்களைச் சந்தோஷமாகக் கத்த வைக்கிறோம்' என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து, கயல் ஓடிவந்து என்னைக் காப்பாற்றினாள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் பேசினால் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

3

எங்கள் ஊரில் அந்தப் பதிவு நடந்தது ரைஸ்மில் குடோனில். சுற்றிலும் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் குரல் எதிரொலிக்காது என்று சிங்காரமே தேர்ந்தெடுத்த இடம். மது எடுப்புத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பெண்கள் குடத்தில் நெல்லும் தென்னம்பாளையும் வைத்துத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போகும் விழா அது.

ஊரில் இரண்டு தெரு. மேலத்தெருவுக்கு என் அப்பா சுப்பையா. கீழத்தெருவுக்கு அடைக்கலம் மாமா. இருவரும் மாமன் மச்சான் முறை. ஒருவர் வீட்டு வெற்றிலைப் பெட்டியை மற்றவர் கேட்காமல் திறப்பார்கள். ஆனால் தெரு என்று வந்துவிட்டால் யார் பெயர் முதலில் என்பது உயிர்ப் பிரச்சனை.

சிங்காரத்தின் பாட்டில் 'முன்னால யாரு வாரா' என்று ஒரு வரி, 'பின்னால யாரு வாரா' என்று ஒரு வரி. 'பின்னால' என்று வந்தால் எங்கள் தலைவர் பெயர் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு தெருக்காரர்களும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் மட்டும்தான் ஒற்றுமை. சிங்காரம் சிரித்துக்கொண்டே அதைப் 'பக்கத்துல யாரு வாரா' என்று மாற்றினார். அப்புறம் முதலில் யார் என்ற பேச்சு வந்தது. இரண்டு முறை பாடிப் பதிவு செய்வது, ஒரு டேக்கில் மேலத்தெரு முதலில், அடுத்த டேக்கில் கீழத்தெரு முதலில், கேசட்டின் இரண்டு பக்கத்தில் இரண்டும் வரட்டும் என்று முடிவாயிற்று. பக்கத்துக்கு ஏ, பி என்று எழுத்துப் போடக் கூடாது என்பது கூடுதல் ஒப்பந்தம்.

உள்ளே சிங்காரம், அவரோடு வந்த பதிவு செய்கிறவர், உறுமிக்காரர், இரண்டு தலைவர்கள். மற்ற எல்லோரையும் வெளியே தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். நான் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அடைக்கலம் மாமாவின் மகன் செல்வம் என் வகுப்பு. இருவரும் ஷட்டரில் காது வைத்து நின்றோம். முதல் டேக் முழுசாக வந்தது. மேலத்தெரு கை தட்டியது. இரண்டாவது டேக் ஆரம்பித்தது. 'முன்னால யாரு வாரா? கீழத்தெரு அடைக்கலம் வாராரு.' கீழத்தெரு விசில் அடித்தது. அந்த விசில் அடங்குகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கத்தல். "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பாட்டு நின்றுவிட்டது. வெளியே இருந்த கூச்சலில் கத்தியது யார் என்றோ, அதற்கு மேல் என்ன சொன்னார் என்றோ எங்களுக்குப் பிடிபடவில்லை. வெளியே ஒருவன் சொன்னான்: "கீழத்தெரு பேரு வந்ததும் சுப்பையாவுக்குப் பொறுக்கலடா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஷட்டரை இடித்தார்கள், கல் பறந்தது, சிங்காரம் மெஷினோடு காரில் ஏறித் தப்பித்தார். கேசட்டில் எங்கள் ஊர் வரவில்லை.

4

அந்த வருடம் மது எடுக்கவில்லை. தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். பேச்சு நடந்தது, அமைதி வரவில்லை. அப்புறம் ஒரு வருடம் எடுத்தால் மூன்று வருடம் நிற்கும். இரண்டு தெருவுக்கும் கொள்வினை கொடுப்பினை அறுந்தது.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் நிறுத்தச் சொல்லல." பின்னே யார் என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். பதிவு செய்தவர்தான் ஏதோ மெஷின் கோளாறுக்காகக் கத்தியிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எங்கள் தெருக்காரர்களே அப்பா சொன்னதை நம்பவில்லை. "நீங்க நிறுத்துனதுதாங்க சரி" என்று அவரைப் பாராட்டினார்கள். அது இன்னும் கொடுமை.

நாலு வருடத்துக்கு முன் அடைக்கலம் மாமா இறந்தார். இறந்தவர் மேல் போர்த்துகிற கோடித் துணியை மச்சான் முறையில் அப்பா எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார். தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் துணி இன்னும் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது என்று அக்கா சொல்வாள். யாரும் அதைத் தொடக் கூடாது.

உலகத்தில் இவ்வளவு நகரம் இருக்க, செல்வமும் ஸ்டுட்கார்ட்டுக்கே வந்து சேர்ந்தான். அவன் மனைவி இங்கே நர்ஸ். டிராமில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் அவன் வீடு. தமிழ்ச் சங்கப் பொங்கலில் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. குடியுரிமை அலுவலகத்தில் ஒருமுறை எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. டோக்கன் எண் வருவதற்காக இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்த அலுவலர் பெண், ஒரே மாவட்டமாக இருக்கிறதே, ஒருவரையொருவர் தெரியுமா என்று கேட்டார். செல்வம் ஜெர்மனில் 'நைன்', தெரியாது என்றான். நானும் 'நைன்' என்றேன். ஊர்ப்பெயர் என்னுடையதில் ஒரு எழுத்துக் கூடுதலாகவும் அவனுடையதில் குறைவாகவும் அச்சாகியிருந்ததால் அந்தப் பெண்ணும் நம்பிவிட்டார். ஜெர்மன் அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் இரண்டு வேறு ஊர்க்காரர்கள்.

5

கீழ்வீட்டு அம்மாளை அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரை நிறுத்தி, காதில் மாட்டிக்கொண்டு 'கொன்றைவயல் 2, பாதி' போட்டேன்.

உறுமி தொடங்கியது. சிங்காரம் எடுத்தார். 'முன்னால யாரு வாரா? கீழத்தெரு அடைக்கலம் வாராரு.' தூரத்தில் விசில். அதில் நானும் செல்வமும் நின்ற ஷட்டர் கிடுகிடுக்கிறது. அடுத்து 'பக்கத்துல யாரு வாரா' வர வேண்டும். வரவில்லை. சிங்காரம் அந்த வரியை மறந்து நேராகக் கண்மாய்க்குப் போய்விட்டார். 'கண்மாய் நெறஞ்சு வருது' என்று பாதி பாடும்போது நாற்காலி இழுபடுகிற சத்தம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! சிங்காரண்ணே, எம் மச்சான் பேரு விட்டுப்போச்சு. அவரு பேரு இல்லாம எம் பேரு மட்டும் எதுக்குண்ணே?"

அடைக்கலம் மாமாவின் குரல். கொஞ்சம் மூக்கடைத்த, கடைசிச் சொல்லை இழுக்கிற குரல். ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும்.

"அடடா, மன்னிச்சுக்கங்க. மொதல்லருந்து போயிருவோம்" என்கிறார் சிங்காரம். அதற்குள் ஷட்டரை இடிக்கிற சத்தம். பதிவு அதோடு நிற்கிறது.

நான் திரும்பத் திரும்பப் போட்டேன். தன் பெயர் முதலில் வந்த பாட்டை, மச்சான் பெயர் இல்லை என்பதற்காக நிறுத்தியிருக்கிறார் மனிதர். அந்த ஒரு நல்ல வார்த்தையில்தான் மண்டை உடைந்தது, விழா நின்றது, கோடித் துணி திரும்பி வந்தது. ஏன் வெளியே வந்து சொல்லவில்லை? சிங்காரத்துக்காவது தெரியுமே என்றால், அவரை யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதுதான் எனக்குப் புரியவில்லை. அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியுமா?

6

செல்வத்தின் எண் என் போனில் எப்போதும் உண்டு. ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்தப் பாட்டை மட்டும் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வாசல் மணி அடித்தது. இந்த நாட்டில் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். அவன் அப்படி வந்ததே ஊர்க்காரன் வந்த மாதிரி இருந்தது. ஜாக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஒங்க வீட்டுல ஒருக்கா போடு மாப்ளே. தனியாக் கேட்டா எனக்கு நம்பிக்கை வரல" என்றான்.

போட்டேன். கயல் கதவோரம் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். பாட்டு நின்றதும் செல்வம் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"தெருமுனையில சுப்பையா மாமாவ மறிச்சதுல எங்க சித்தப்பா மகனும் ஒருத்தன். நான் லீவு கெடைக்காம இங்க கெடந்தேன். இருந்திருந்தா நானும் மறிச்சிருப்பேன், அதத்தான் நெனைச்சுப் பாக்குறேன்" என்றான். பிறகு, "மாமா கூடப் பேசணும். போன் போடு" என்றான்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூன்று வருடமாகக் காது சுத்தமாகக் கேட்காது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம், இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அக்காதான் பக்கத்தில் இருந்து, வலது காதில் வாயை வைத்துக் கத்துவாள். அந்தக் குரல் மட்டும் ஏதோ உள்ளே போகும்.

வீடியோவில் செல்வத்தைப் பார்த்ததும் அப்பா கண்ணைச் சுருக்கினார்.

"யாரு, அடைக்கலம் மகனா? ஏண்டா இப்படி முடி கொட்டிப்போச்சு?"

செல்வம் சிரிக்கப் போய் அழுதுவிட்டான். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றான். அவருக்குக் கேட்கவில்லை. நான் போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் முழுச் சத்தத்தில் வைத்தேன். கீழ்வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிட்டாலும் சரி என்றிருந்தது. அங்கே அக்கா போனை அப்பாவின் காதில் அழுத்திப் பிடித்தாள். அவர் தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினார்.

"ஒன்னுங் கேக்கலடா. இரைச்சலா இருக்கு. என்ன அது?"

இத்தனை வருடம் மூலையில் கிடந்த பதிவு, மூன்று வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்தத் துணியாவது போய்ச் சேர்ந்திருக்கும். இந்த வெளியீட்டுக்கு என்ன மதிப்பு என்று இசைப் பக்கங்களில் யார் யாரோ வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்களில் ஒருவர் போய்விட்டார், ஒருவருக்குக் காது போய்விட்டது. எனக்கு அந்த வாதத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

செல்வம் அக்காவிடம் சொன்னான். "அக்கா, நீங்க மாமா காதுல சொல்லுங்க. நிறுத்தச் சொன்னது எங்கப்பாதான்னு சொல்லுங்க. நான் ஊர் குரூப்புல போட்டு எல்லாத்துக்கும் சொல்லப்போறேன்னு சொல்லுங்க."

அக்கா குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினாள். அப்பா காதைக் கொடுத்து முழுதும் கேட்டார். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும். பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்" என்றார்.

"பின்ன ஏப்பா இத்தன வருசமா சொல்லல?" என்று அக்கா கத்தினாள். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

"சொன்னா? எந்தெருவுக்காக அவந்தெருப் பாட்ட நிறுத்துனான்னு தெரிஞ்சா, கீழத்தெருவுல அவன் தலைநிமுந்து நடக்க முடியுமா? அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். அவனுக்குச் சொல்ல முடியல. அதனால என்ன, எம்பேருதானே கெட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "குரூப்புலயெல்லாம் போட வேணாம்னு சொல்லு. செத்தவன ஏன் சந்திக்கு இழுக்குறீங்க?" என்றார்.

செல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கயல் என் பக்கத்தில் வந்து, "தாத்தா என்ன சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டாள். எனக்கு அவளுக்குச் சொல்ல ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அங்கே அப்பா வெற்றிலைப் பெட்டியை இழுத்தார். திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் தன் காதுப் பக்கம் இழுத்தார்.

"அதுல அவன் என்ன சொல்றான், வார்த்தைய அப்படியே சொல்லு."

அக்கா கத்தினாள். "எம் மச்சான் பேரு விட்டுப்போச்சு. அவரு பேரு இல்லாம எம் பேரு மட்டும் எதுக்குண்ணே?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.